டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா? படகு மோட்டார் கேள்வி பதில்

இந்த இதழில் படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்கள் பற்றிய கேள்விகள் மட்டும். காசிமேடு முதல் பழவேற்காடு வரை வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

காசிமேட்டில் 28 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். 9.9 ஹெச்பி மண்ணெண்ணெய் மோட்டார், டூ-ஸ்ட்ரோக். தேய்ந்துவிட்டது. புதுசு வாங்கவேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் குறைவாகக் குடிக்கும் என்கிறார்கள், விலை அதிகம். எதை வாங்கலாம்?

கம்பெனி எது, விலை என்ன என்று விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் மோட்டார் வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கணக்குப் போடுங்கள். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 3 மணி நேரம் என்றால் வாரம் 15 மணி. புயல், வாடைக்காற்று, வலை வேலை எல்லாம் போக 40 வாரம் கடலுக்குப் போனால் 600 மணி. இந்த ஒரு எண்தான் பாதி முடிவைச் சொல்லிவிடும்.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் சிலிண்டரில் ஒருமுறை எரிகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. அதனால் டூ-ஸ்ட்ரோக் சின்ன உடம்பில் அதிக இழுவை தரும், வால்வு, கேம் எதுவும் கிடையாது. ஆனால் புகை வெளியேறும் வழியும் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். கார்புரேட்டர் வைத்த மோட்டாரில் உள்ளே வந்த கலவையில் கால் பங்கு வரைகூட எரியாமலே புகையோடு தண்ணீருக்குள் போய்விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான் அது. மோட்டாருக்குப் பின்னால் தண்ணீரில் வானவில் நிறத்தில் படர்வதும் அதுதான்.

9.9 ஹெச்பியை முழு விசையில் ஓட்டினால் டூ-ஸ்ட்ரோக் மணிக்கு நாலரை முதல் ஐந்து லிட்டர் வரை குடிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் மூன்றரை லிட்டர் பக்கம். வித்தியாசம் மணிக்கு சுமார் 1.2 லிட்டர் என்று வைத்தால் 600 மணிக்கு 720 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 72,000 ரூபாய். கூடவே டூ-ஸ்ட்ரோக்கில் 50-க்கு 1 வீதம் கலக்கும் எண்ணெய் வருஷத்துக்கு 55 லிட்டருக்கு மேல் போகும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆறு முறை எண்ணெய் மாற்றினாலும் 6 லிட்டரை ஒட்டித்தான் வரும். பாதி விசையில் வலை இழுத்துக்கொண்டு போகும் வேலையில் வித்தியாசம் இன்னும் கூடும்.

இது பெட்ரோலுக்குப் பெட்ரோல் கணக்கு. நீங்கள் மானிய மண்ணெண்ணெயில் ஓட்டுகிறீர்கள், அங்கேதான் பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கின் எரிபொருள் செலவு மணிக்கு 350 ரூபாய். உங்கள் மோட்டார் மணிக்கு 5 லிட்டர் மண்ணெண்ணெய் குடித்தால், லிட்டர் 70 ரூபாய்க்குள் கிடைக்கும்வரை பழைய வழிதான் மலிவு. கலவை எண்ணெய் லிட்டர் 400 ரூபாய் என்று சேர்த்தால் அந்த எல்லை 60 ரூபாயை ஒட்டி வரும். மானிய ஒதுக்கீடு மாதம் முழுக்கப் போதுகிறதா, பாதி மாதத்துக்கு மேல் வெளியில் வாங்குகிறீர்களா என்று பாருங்கள். வெளியில் வாங்கும் லிட்டர்தான் உங்கள் உண்மையான விலையைத் தீர்மானிக்கும்.

எங்கள் கருத்து: துறைமுகத்துக்குள் படகைக் கட்டிவைத்து, மோட்டாரைத் தினமும் கழற்றாமல், பெட்ரோலில் 500 மணிக்கு மேல் ஓட்டுபவர் ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்குவதே சரி. விலையில் உள்ள வித்தியாசம் எரிபொருளில் திரும்பி வந்துவிடும். ஒதுக்கீடு மண்ணெண்ணெய் தடையில்லாமல் கிடைப்பவர் அவசரப்பட்டு மாறவேண்டாம். சந்தையில் உள்ள மண்ணெண்ணெய் மோட்டார்களில் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பெட்ரோல் ஃபோர்-ஸ்ட்ரோக்கை வாங்கிவிட்டு அதில் மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றக்கூடாது. மண்ணெண்ணெய் மோட்டாருக்கு அழுத்த விகிதம் குறைவாக வைத்தே செய்கிறார்கள். பெட்ரோல் மோட்டாரில் ஊற்றினால் தட்டல் சத்தம் வரும், பிஸ்டன் தலை தின்னப்படும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இன்னொரு கேடும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பேரிங் அதோடு சரி.

நாங்கள் எண்ணூர் குப்பத்தில் மணலிலிருந்து படகைத் தள்ளி இறக்குகிறோம். மோட்டாரைத் தினமும் கழற்றித் தோளில் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். ஃபோர்-ஸ்ட்ரோக் ஒத்துவருமா?

உங்கள் நிலைமையில் டூ-ஸ்ட்ரோக் பக்கம்தான் சாய்வோம். எடைதான் முதல் காரணம். 9.9, 15 ஹெச்பி டூ-ஸ்ட்ரோக் 36 முதல் 38 கிலோ. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் 9.9 ஹெச்பி 40 கிலோவை ஒட்டிக் கிடைக்கும், ஆனால் 15 ஹெச்பி 50 கிலோவைத் தொட்டுவிடும். 40 ஹெச்பிக்குப் போனால் டூ-ஸ்ட்ரோக் 70 கிலோவுக்குச் சற்று மேல், ஃபோர்-ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட 100 கிலோ. மணலில் கால் புதைய நடக்கும்போது 12 கிலோ கூடுதல் என்பது ஒரு ஆள் கூடுதல்.

இரண்டாவது காரணம், படுக்கவைப்பது. டூ-ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கமும் படுக்கவைக்கலாம். ஃபோர்-ஸ்ட்ரோக்கின் அடியில் எஞ்சின் எண்ணெய் நிற்கிறது. கம்பெனி சொன்ன பக்கம் தவிர வேறு பக்கம் சாய்த்தால் அந்த எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். மறுநாள் கயிறு இழுத்தால் வராது, வலிந்து இழுத்தால் உள்ளே சேதமாகலாம். வந்தாலும் நீலம் கலந்த வெள்ளைப் புகை கக்கும், பிளக் நனையும். எந்தப் பக்கம் படுக்கவேண்டும் என்று மூடியிலோ கையேட்டிலோ படம் போட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் பெயிண்டால் ஒரு பெரிய வட்டம் போட்டுவையுங்கள். வீட்டில் தூக்கிவைப்பது நீங்களாக இல்லாமல் போகலாம்.

எந்த மோட்டாராக இருந்தாலும் கழற்றியதும் ஐந்து நிமிடம் நிமிர்த்தி வைத்து, உள்ளே நிற்கும் உப்புத் தண்ணீர் வடிந்தபிறகே படுக்கவையுங்கள். தலைப்பகுதி எப்போதும் காத்தாடியைவிட (புரொப்பெல்லர்) மேலே இருக்கவேண்டும். கீழே போனால் புகைக்குழாயில் நின்ற தண்ணீர் சிலிண்டருக்குள் வந்துவிடும்.

மூன்றாவது, அலை உடைக்கும் இடம். அலையை நேருக்கு நேர் ஏறும் நேரத்தில் சட்டென்று இழுவை கிடைக்கவேண்டும், கவிழ்ந்தால் மோட்டார் மூழ்கும். மூழ்கிய டூ-ஸ்ட்ரோக்கைக் கரையிலேயே பிழைக்கவைக்க முடியும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வேலை அதிகம். அது பற்றித் தனிக் கேள்வி கடைசியில் இருக்கிறது. பின்பலகையில் பிடிக்கும் இரண்டு திருகு மட்டும் போதாது. ஊடு போல்ட் இரண்டு, அதோடு துருப்பிடிக்காத சங்கிலி அல்லது கயிறு ஒன்று கட்டாயம்.

கலவை எண்ணெய்க்குப் பதில் பைக்குக்குப் போடும் 2டி எண்ணெய் போடலாமா? அளவு எவ்வளவு? திருவொற்றியூரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

போடாதீர்கள். பைக் எஞ்சின் காற்றில் குளிர்கிறது, சூடு அதிகம். அதற்கான எண்ணெயில் எரிந்தபின் சாம்பல் தங்கும் சேர்மானங்கள் இருக்கும். படகு மோட்டார் கடல் தண்ணீரில் குளிர்கிறது, சூடு குறைவு. அந்தச் சாம்பல் எரிந்து வெளியேறாமல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து, ரிங்கை ஒட்டவைத்துவிடும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று எழுதியிருக்கவேண்டும். சாம்பல் படியாத, தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்கான தரம் அது.

அளவைப் பொறுத்தவரை இன்றைய பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக்குகள் பலவற்றுக்கும் 50-க்கு 1. அதாவது லிட்டருக்கு 20 மில்லி. 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. புது மோட்டாருக்கும், புது பிஸ்டன் ரிங் போட்டதற்கும் முதல் 10 மணி நேரம் 25-க்கு 1, அதே டேங்குக்கு 960 மில்லி. மண்ணெண்ணெய் மாடல்களுக்கு அளவு வேறு, அந்த மாடலின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

கலக்கும் முறையில்தான் தப்பு நடக்கிறது. டேங்கு நிறையப் பெட்ரோல் ஊற்றிவிட்டு மேலே எண்ணெயைக் கவிழ்த்தால் அது அடியில் தங்கும். முதல் அரைமணி எண்ணெய் அதிகமாகப் போய்ப் புகையும், பிறகு எண்ணெயே இல்லாமல் ஓடும். தனி கேனில் 5 லிட்டர் பெட்ரோல் எடுத்து, அளந்த எண்ணெய் முழுவதையும் அதில் ஊற்றி, மூடி நன்றாகக் குலுக்கி, டேங்கில் ஊற்றிய பிறகு மீதிப் பெட்ரோலைச் சேர்த்து மறுபடி ஆட்டுங்கள். மெல்லிய வலை வைத்த புனல் வழியாக ஊற்றுங்கள். கண்ணளவில் ஊற்றாதீர்கள், அளவுக் குடுவை ஒன்று டேங்கோடு கட்டிவையுங்கள்.

'கொஞ்சம் கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது' என்பதும் சரியில்லை. எண்ணெய் கூடினால் அந்த அளவுக்குக் கலவையில் பெட்ரோல் குறைகிறது, சூடு ஏறுகிறது. மெதுவாக ஓட்டும்போது பிளக் கறுத்துவிடும். 9.9, 15 ஹெச்பி டூ-ஸ்ட்ரோக் பலவற்றில் வரும் பிளக் என்ஜிகே பி7ஹெச்எஸ்-10, இடைவெளி 0.9 முதல் 1.0 மில்லிமீட்டர். படகில் இரண்டு புது பிளக்கும் பிளக் ஸ்பேனரும் எப்போதும் இருக்கட்டும்.

பங்க்கில் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல்தான். மோட்டாருக்குக் கெடுதலா? ராயபுரம் பக்கம் இரண்டு மோட்டார் பிஸ்டன் பிடித்துவிட்டது.

பிஸ்டன் பிடித்ததற்கு எத்தனால் மட்டுமே காரணம் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம்.

எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் பாதி காலியான டேங்கு, காற்றுத் திருகு திறந்தபடி கிடந்தால் நாளுக்கு நாள் தண்ணீர் சேரும். ஒரு அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கும். டேங்கின் உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் கலவை எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், அடியில் இருப்பதில் எண்ணெய் கிடையாது. மோட்டார் அதை உறிஞ்சினால் எண்ணெய் இல்லாமல் ஓடிப் பிஸ்டன் சிலிண்டரில் பிடிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் தனியாக இருப்பதால் பிஸ்டன் பிழைத்துக்கொள்ளும், திணறி நின்றுவிடும், கார்புரேட்டரும் இன்ஜெக்டரும் துருப்பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் ஃபோர்-ஸ்ட்ரோக் பாதுகாப்பானது.

ஒரு வாரத்தில் ஓடித் தீரும் அளவுக்கு மட்டும் பெட்ரோல் வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்ததைக் கடலுக்கு எடுத்துப்போகாதீர்கள். படகு நிற்கும்போது டேங்கின் காற்றுத் திருகை மூடுங்கள். சந்தேகம் வந்தால் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் கால்மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கலங்கலாகவோ, அடியில் தனி அடுக்காகவோ தெரிந்தால் முழுவதையும் அகற்றுங்கள். மேலும் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் போடுவது நல்ல முதலீடு. எரிபொருள் டியூபும் கைபம்பு பல்பும் மெத்தென்று ஆகியிருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உள்சுவர் உரிந்தால் வெளியே தெரியாது, பல்பு அழுத்தியபின் திரும்ப உப்ப நேரம் எடுக்கும்.

எண்ணூர் முகத்துவாரம் வழியாகப் போய்வருகிறோம். மோட்டாரின் பக்கத்தில் பீச்சும் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. இம்பெல்லர் (குளிர்விக்கும் தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரம்) மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அந்தத் தண்ணீரில் ஆறு மாதம் என்பதே அதிகம்தான். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் மணல் மட்டுமில்லை, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேறும் இருக்கிறது. அந்தச் சாம்பல் தேய்ப்புத் தாள் செய்யும் வேலையை இம்பெல்லர் அறையில் செய்கிறது. இறாலும் நண்டும் வளர்ந்த அந்தத் தண்ணீர் இப்படி ஆனதில் எங்களுக்கும் வருத்தம் உண்டு. சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், இவற்றுக்கு மேல் நம் மோட்டாரிலிருந்து எரியாத பெட்ரோலும் அங்கே சேரவேண்டாம் என்பது ஃபோர்-ஸ்ட்ரோக்கைப் பரிந்துரைக்க எங்களுக்கு இன்னொரு காரணம்.

முதலில் எளிதானதைப் பாருங்கள். பீச்சும் துவாரத்தில் மெல்லிய நைலான் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள், அங்கேயே சேறு அடைத்திருக்கலாம். பிறகு காத்தாடிக்கு மேலே உள்ள தண்ணீர் எடுக்கும் சல்லடையில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் கழற்றவேண்டியதுதான்.

கியர் மாற்றும் தண்டின் இணைப்பைக் கழற்றி, லோயர் யூனிட்டை (காத்தாடியும் கியரும் உள்ள அடிப்பகுதி) பிடித்திருக்கும் போல்ட்களை எடுத்து, நேராகக் கீழே இழுங்கள். பம்பு மூடியைத் திறந்து இம்பெல்லரின் இறக்கை நுனிகளைப் பாருங்கள். வளைந்தபடியே நின்றால், நுனி உடைந்திருந்தால் மாற்றுங்கள். உடைந்த துண்டு கிடைக்கவில்லை என்றால் அது மேலே தண்ணீர்ப்பாதையில் சிக்கியிருக்கிறது, தேடி எடுக்காமல் மூடாதீர்கள்.

உங்கள் பிரச்சினைக்குக் காரணம் இங்கேதான் இருக்கலாம். இம்பெல்லர் சுற்றும் ஸ்டீல் கிண்ணத்தையும் அதன் கீழ்த் தகட்டையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்கு வரிப்பள்ளம் இருந்தால், புது இம்பெல்லர் மட்டும் போட்டுப் பயனில்லை. அந்தப் பள்ளம் வழியாக அழுத்தம் கசிந்துவிடும். சல்லிசாக இருக்கிறதென்று இம்பெல்லரை மட்டும் வாங்குகிறார்கள். கிண்ணம், தகடு, கேஸ்கட், இம்பெல்லரைத் தண்டோடு பிடிக்கும் சாவி எல்லாம் சேர்ந்த முழு செட்டை வாங்குங்கள். மாட்டும்போது தண்ணீர் தாங்கும் கிரீஸ் லேசாகத் தடவி, தண்டை மேலிருந்து பார்க்கையில் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை இறக்குங்கள். இறக்கைகள் சரியான பக்கம் மடியும். பிறகு தண்ணீர்க்குழாய் ரப்பர் வளையத்துக்குள் நேராக உட்கார்ந்ததா என்று பார்த்து போல்ட்டை முடுக்குங்கள்.

அந்த வழியில் தினமும் போகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, காத்தாடிக்கு மேலுள்ள பலகை மூழ்கும்வரை இறக்கி, 10 முதல் 15 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் 'ஒரு நொடி பார்க்கலாம்' என்று இழுக்காதீர்கள், சில நொடிகளிலேயே ரப்பர் கருக ஆரம்பிக்கும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கி நாலு மாதம். எண்ணெய் அளவு குறையாமல் கூடுகிறது. பெட்ரோல் வாசனையும் வருகிறது.

பெட்ரோல் எண்ணெயில் கலக்கிறது. மோட்டார் சூடேறாமல் நெடுநேரம் மெதுவாக ஓடினால் இப்படி ஆகும். சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருந்தால் மோட்டார் ஒருபோதும் சூடேறாது. அதை முதலில் கழற்றிப் பாருங்கள், உப்பும் மணலும் படிந்திருக்கும். கார்புரேட்டர் மிதவை, எரிபொருள் பம்பின் டயாஃப்ரம் அடுத்த சந்தேகங்கள். அந்த எண்ணெயை உடனே மாற்றுங்கள்.

எண்ணெய் மாற்றும் இடைவெளியிலும் இங்கே ஒரு தவறான புரிதல் இருக்கிறது. முதல் மாற்றம் 20 மணியில், பிறகு 100 மணிக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அது. வாரம் 15 மணி ஓடும் மோட்டாருக்கு 100 மணி ஏழே வாரத்தில் வந்துவிடும். ஆறு மாதம் என்பது பொழுதுபோக்குப் படகுக்காரர்களுக்கு. எஃப்சி-டபிள்யூ முத்திரையுள்ள 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 எண்ணெய் போடுங்கள். உப்புக்காற்றில் உள்துருவைத் தடுக்கும் சேர்மானம் அதில் உண்டு. மோட்டார் நிமிர்ந்து நிற்க, ஆறியபின் அளவுக்குச்சியில் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றவே கூடாது. டைமிங் பெல்ட் உள்ள மாடலில் பெல்ட்டையும், எல்லா மாடலிலும் வால்வு இடைவெளியையும் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் பார்க்க ஒரு மெக்கானிக் உங்கள் கரையில் இருக்கிறாரா என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்திருக்கவேண்டும். ஆள் இல்லாத இடத்தில் நல்ல மோட்டாரும் சுமைதான்.

வெளிநாட்டில் டூ-ஸ்ட்ரோக்குக்குத் தடை என்பது உண்மையா?

பழைய கார்புரேட்டர் வகையைப் புகை விதிகள் வெளியேற்றிவிட்டன. ஆஸ்திரேலியாவில் அந்த விதிகளை நிறைவுசெய்யாத புது மோட்டார்களை 2018 ஜூலை 1 முதல் இறக்குமதி செய்ய முடியாது, 2019 ஜூலை 1 முதல் விற்கவும் முடியாது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் டூ-ஸ்ட்ரோக்குகள் அந்த விதிகளுக்குள் அடங்கின. அவற்றில் பேர்பெற்ற எவின்ரூட் கம்பெனியின் தயாரிப்பு 2020-இல் நின்றுபோனது.

பழைய டூ-ஸ்ட்ரோக் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்கவேண்டும்? புதுவண்ணாரப்பேட்டை வாசகர்.

மூடியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், பெயிண்ட் அடிக்க அரை நாள் போதும். நீங்கள் போவதற்கு முன்னால் மோட்டாரைச் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆறிய மோட்டார் எத்தனை இழுவையில் வருகிறது என்று பார்ப்பது முக்கியம்.

முதலில் கியர் எண்ணெய். லோயர் யூனிட்டின் கீழ்த் திருகைக் கழற்றிக் கொஞ்சம் வடியவிடுங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. இரும்புத் துகள் மின்னினால் கியர் தேய்ந்திருக்கிறது, விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றி, அவற்றின் வயர்களை எஞ்சின் உடம்போடு தொடவைத்து, விசையை முழுதாகத் திறந்து, அழுத்தமானி வைத்துக் கயிறு இழுங்கள். காட்டும் எண் மாடலுக்கு மாடல் மாறும், மண்ணெண்ணெய் மாடலில் இயல்பாகவே குறைவு. இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் போனால் ஒரு சிலிண்டரில் ரிங் ஒட்டியோ, சுவர் கீறியோ இருக்கிறது. பிளக் துளை வழியே டார்ச் அடித்துப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். ஒன்று கறுத்தும் இன்னொன்று கழுவியதுபோல் சுத்தமாகவும் இருந்தால் அந்தச் சுத்தமான சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

காத்தாடித் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மோட்டாருக்குப் பதில் தான் அரிக்கப்படுவதற்காக மாட்டிய துத்தநாகக் கட்டி இருக்கிறதா, பாதிக்கு மேல் கரைந்ததா, யாராவது அதன்மேலும் பெயிண்ட் அடித்துவிட்டார்களா என்று பாருங்கள். பெயிண்ட் அடித்த கட்டி வேலை செய்யாது, அதற்குப் பதில் மோட்டாரின் அலுமினியம் கரைந்திருக்கும். கடைசியாக டிரம்மில் 20 நிமிடம் ஓடவிட்டு, சூடான நிலையில் நிறுத்தி உடனே மறுபடி இழுத்துப் பாருங்கள்.

டூ-ஸ்ட்ரோக்கிலிருந்து ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறினேன். அதே ஹெச்பி. ஆனால் வலையும் ஐஸும் ஏற்றினால் இழுக்கவே மாட்டேன் என்கிறது.

காத்தாடியை மாற்றுங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் தன் பலத்தை முழுச் சுற்றில்தான் காட்டும். பல மாடல்களுக்கு முழு விசையில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று வரவேண்டும். சுமையோடு டாக்கோமீட்டர் வைத்துப் பாருங்கள். குறைந்தால் பிட்ச் (ஒரு சுற்றில் காத்தாடி முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைவான காத்தாடி போடுங்கள், 150 முதல் 200 சுற்று வரை கூடும். கூடவே பின்பலகை உயரத்தையும் அளந்துபாருங்கள். 15 அங்குலப் பலகைக்குக் குட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கு நீளத் தண்டு. காத்தாடிக்கு மேலுள்ள பலகை படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்கவேண்டும்.

அலையில் கவிழ்ந்து மோட்டார் மூழ்கிவிட்டது. எடுத்துவிட்டோம். மெக்கானிக் வருவதற்குள் எல்லாம் துருவேறிவிட்டது. உடனே என்ன செய்திருக்கவேண்டும்?

மோட்டார் உப்புத் தண்ணீருக்குள் கிடக்கும்போது அதிகம் கெடாது, வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் கெட ஆரம்பிக்கும். எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் ஓடவைக்க வேண்டும். அது முடியாது என்று தெரிந்தால், மோட்டாரின் தலைப்பகுதியை நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் முக்கியே வைத்திருங்கள். வெயிலில் காயவைப்பதுதான் செய்யக்கூடாத வேலை.

ஓடிக்கொண்டிருந்தபோது மூழ்கியதா, நின்றிருந்தபோதா? ஓடும்போது மூழ்கியிருந்தால் சிலிண்டர் தண்ணீரை உறிஞ்சியிருக்கும். பிளக்கைக் கழற்றி ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தடுத்தால், மணல் கரகரத்தால் அத்தோடு நிறுத்துங்கள். மோட்டாரைப் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

தடையில்லாமல் சுற்றினால், டூ-ஸ்ட்ரோக்குக்கு: மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் முழுவதும் கழுவுங்கள். பிளக் துளைகள் கீழே பார்க்கும்படி படுக்கவைத்து, கயிற்றை மெல்ல இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துக் கழுவுங்கள். டேங்கு, டியூபில் உள்ள பழைய எரிபொருளைக் கொட்டிவிடுங்கள். பிளக் துளை வழியாகவும் கார்புரேட்டர் வாய் வழியாகவும் கலவை எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பத்துப் பதினைந்து முறை சுற்றுங்கள். மின் இணைப்புகளைப் பிரித்துத் துடைத்து உலர்த்துங்கள். புது பிளக், புதுக் கலவை போட்டு ஓடவிட்டு, குறைந்தது அரைமணி நேரம் நிறுத்தாதீர்கள். உள்ளே மிஞ்சிய ஈரத்தை அந்தச் சூடுதான் போக்கும்.

ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு இதெல்லாம் உண்டு, அதோடு எஞ்சின் எண்ணெயும். வடியும்போது பால் கலந்ததுபோல் வந்தால் முழுவதும் வடித்து, ஃபில்டரும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி வடியுங்கள். வெளுப்பு முழுவதும் போகும்வரை, தேவைப்பட்டால் மூன்று நாலு முறை, இதையே செய்யவேண்டும். அதற்காகவே அந்த மோட்டார் வைத்திருப்பவர்கள் வீட்டில் 4 லிட்டர் எண்ணெயும் ஒரு ஃபில்டரும் எப்போதும் தயாராக வைத்திருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அலையில் கவிழ்ந்தால் கடை திறந்திருக்காது.